இரண்டு உபயம், ஒரு கம்ப்யூட்டர்

மலேசியாவின் குருண் ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது. அர்ச்சனைக் கவுண்டரில் ரசீது போடும் குணவதி கை வைத்தால் கோயில் கம்ப்யூட்டர் தூங்கிவிடுகிறதாம். கைராசி அப்படியாம்.

ஊர் வாய்க்கு மூடி கிடையாது. ஆனால் பேச்சு மெய்யா பொய்யா என்று பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை காலை போதும். அர்ச்சனை வரிசை வாசல் வரை நீண்டிருந்தபோது, குணவதியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுக் குருக்களே பொத்தானை அழுத்திப் பார்த்தார். தினமும் அம்மனைத் தொடுகிற கை. கம்ப்யூட்டர் அதற்கும் மரியாதை காட்டவில்லை. திரை வந்தது; ரசீது போடும் புரோகிராமைத் தட்டினால் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அபிஷேகத்துக்கு நேரமாகிறது என்று குருக்கள் நழுவிவிட்டார்.

ஆக, குற்றம் கையில் இல்லை. அதை வரிசையில் நிற்பவர்களிடம் எடுத்துச் சொல்லும் தெம்புதான் குணவதியிடம் இல்லை.

கையுறைத் தொழிற்சாலையில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். காலில் நரம்பு கயிறாகப் புடைத்தபின், இனி நிற்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயில் கவுண்டர் நாற்காலி அப்படிக் கிடைத்தது. சம்பளம் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனாலும் உட்கார்ந்து செய்கிற வேலை. இப்போது அந்த நாற்காலிக்குத்தான் வேட்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கவுண்டருக்கு வேறு ஆள் போடுவது பற்றிப் பேசப்போகிறார்கள். கம்ப்யூட்டரை மாற்றுவதைவிட ஆளை மாற்றுவது எந்தக் கமிட்டிக்கும் சுலபம்.

அவளும் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். தூசு தட்டினாள். பிளக்கை மாற்றிச் சொருகினாள். அணைத்து அணைத்துப் போட்டாள். பழைய திருவிழாப் படங்களை அழித்து இடம் பண்ணினாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு பெட்டியின் நெற்றியில் அப்படியே இருந்தது. தெய்வமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில், பஜாரில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் யோகேந்திரனைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை மதியம் வந்தான். கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழுகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். எப்போதோ செத்துக் குப்பைக்குப் போன பிரிண்டருக்கு இன்னும் ஒருவன் தினமும் எழுந்து காத்திருந்தான். கோவிட் காலத்தில் கூட்டம் போடுவதற்காக ஏற்றிய வீடியோ புரோகிராமும் விடாமல் விழித்துக்கொண்டிருந்தது. அவற்றைப் படுக்க வைத்தான். கொஞ்சம் தேவலாம் போலிருந்தது. ஆனால் ரசீது இன்னும் திறந்தபாடில்லை. மேலும் நோண்டிவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, ஒரு வாசலுக்கு ரெண்டு ஜாகா, ரெண்டு காவக்காரன் வச்சிருக்கீங்க. ரெண்டு ஆண்டிவைரஸ். உள்ள வர்றத ரெண்டு பேரும் சோதிக்கிறான். அப்புறம் ஒருத்தன ஒருத்தன் சோதிக்கிறான். லம்பாட் ஆகாம, மெதுவாகாம என்னா செய்யும்? ஒன்ன எடுத்துடுவோம்."

"எத எடுக்கிறது தம்பி? ரெண்டும் உபயம்லா."

யோகேந்திரனின் சிரிப்பு நின்றது. அவனும் இந்த ஊர்க்காரன்தானே. இந்தக் கோயிலில் டியூப் லைட்டின் மேல் உபயக்காரர் பெயர் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் வரும். ஃபேன் ஓடினால் மூன்று குடும்பங்களின் பெயர் சுற்றும். கெட்டுப்போனதைக்கூட யாரும் கழற்றுவதில்லை. கழற்றினால் அந்தக் குடும்பம் அடுத்த திருவிழாவுக்கு வராது. முதல் ஆண்டிவைரஸ் முன்னாள் தலைவர் சிவநேசனின் உபயம். தேர்தலில் அவரை வீழ்த்திய காளிதாசன், பழைய கமிட்டியின் காவலை நம்ப முடியாது என்று, பதவியேற்ற கையோடு இன்னொன்றைப் பூஜை போட்டு ஏற்றிவைத்தார்.

குணவதி இருவருக்கும் போன் போட்டாள். மற்றவருடையதை எடுத்துவிடச் சொன்னார் காளிதாசன். பிறகு வந்தது பிறகுதானே போக வேண்டும் என்று வழி காட்டினார் சிவநேசன். தான் சொன்னதாகச் சொல்லிவிடாதே என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

போனை வைத்துவிட்டுச் சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டோடு வந்த காவல்காரன்போல விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது, இந்த வேலைக்கு அது போதும் என்று யோகேந்திரன் மெல்லச் சொன்னான்.

"அப்ப ரெண்டையும் எடுத்துடு தம்பி."

"ரெண்டையுமா?"

"தட்டித் திறக்கிற அந்தச் சின்னப் படத்த மட்டும் திரையில விட்டுடு. அவங்க வந்து பாக்கறது அதத்தான்."

எடுத்தான். படங்களும் சேர்ந்து போய்விட்டதால், அதேபோல் இரண்டைச் செய்து பழைய இடத்திலேயே வைத்தான். தட்டினால் ஒன்றும் திறக்காது. முன்பும் யாரும் தட்டியதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். ரசீது புரோகிராம் சட்டென்று வந்து நின்றது. குணவதிக்கு நம்பிக்கை வரவில்லை. மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன் காளிதாசனே தட்டிப் பார்த்தார். திறந்தது. தன் உபயத்தின் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சிவநேசன் எட்டி, தன்னுடையதைப் பார்த்துக்கொண்டார். தன் காவல் கடைசியில் திருடனைப் பிடித்துவிட்டது என்று காளிதாசன் விளக்க, பிடித்தது பழைய காவல்தான் என்று சிவநேசன் சொல்ல, அந்த வழக்கிலேயே கூட்டம் முடிந்தது. ஆளை மாற்றும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கைராசி பற்றிப் பேசியது தப்பு என்றும் யாரும் சொல்லவில்லை. எழும்போது காளிதாசனுக்கு ஒரு குறை தோன்றியது.

"என்னாமா குணவதி, வேல நெலச்சிருச்சி. உபயம் கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேணாமா?"

"கவுண்டர் தொறக்கணும் தலைவரே. அப்புறமா சொல்றேன்."

அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. வெள்ளிதோறும் காளிதாசன் வரிசையில் வருகிறார். பெயரும் நட்சத்திரமும் கேட்டு, ரசீதை அவரிடம் நீட்டுகிறாள் குணவதி. அவர் கொஞ்சம் தயங்கி நிற்கிறார். காலைக் கவுண்டருக்கு அடியில் நீட்டி வைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் நிற்பவரின் பெயரைக் கேட்கிறாள்.