பலகையில் ஒரு பச்சை அம்பு

எந்தப் பொத்தானைக் கண்டாலும் அக்காவுக்கு அழுத்திப் பார்த்தாக வேண்டும். எங்கள் நாடகக் குழுவுக்குப் புகை போடும் இயந்திரம் வந்த அன்று, திரை விலகுவதற்கு முன்பே அரங்கம் முழுக்க மேகம் சூழ்ந்ததற்குக் காரணம் இவர்தான். இருமிக்கொண்டே வெளியே வந்தவர், திட்டக் காத்திருந்தவர்களிடம் கேட்டார்: "அழுத்தாம எப்படிங்க தெரியும்?"

மேடை அமைப்பது அவர் தொழில்; குழுவில் எல்லாருக்கும் அவர் அக்கா. சுவர், சன்னல், மாடிப்படி என்று முன்னால் இருந்து பார்த்தால் வீடு. பின்னால் போனால் ஒட்டுப்பலகையும் ஆணியும். ஐம்பதை நெருங்கும் வயது. புருவத்தில் எப்போதும் மரத்தூள். வாய் ஓயாது. பசை காயும்வரை அதோடுகூடப் பேசுவார்: "சீக்கிரம் பிடி தங்கம், எனக்கு வேற வேலை இருக்கு." குழுவில் எனக்குக் கிடைப்பதெல்லாம் ஒற்றை வரி வேடங்கள். ஒத்திகை இல்லாத நாட்களில் அவருடைய பட்டறையில் உட்கார்ந்து இந்தப் பேச்சைக் கேட்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

அவருடைய தம்பி எங்கள் விளக்கமைப்பாளர். எங்கே வெளிச்சம் விழவேண்டும் என்பதைவிட எங்கே விழக்கூடாது என்பதில் கண்டிப்பானவர். இந்த ஆண்டு தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சையில் அவர் குரல் போய்விட்டது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். அதே சமயம் இயக்குநர், மனைவிக்கு மாற்றலானதால் வேறு ஊருக்குக் குடிபோனார். புது நாடகத்துக்கான பேச்செல்லாம் கணினி வழியாக என்றானது. அதில் தம்பி ஒரு சதுரத்துக்குள் தலையாட்டும் முகம், அவ்வளவுதான். அவர் ஒரு வரியைத் தட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அதனால் அவருக்கும் சேர்த்து அக்காவே பேசுவார். பாதி தம்பி நினைத்தது, மீதி இவராகச் சேர்த்தது.

ஒருநாள் இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நாடகத்துக்கு மட்டும் வேற லைட் ஆள் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்."

தம்பியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அப்போது மட்டும் தலையாட்டவில்லை.

மறுநாள் நான் பட்டறைக்குப் போனபோது, அக்கா ரம்பத்தை ஓரமாகப் போட்டுவிட்டு மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இணையத்தில் வெள்ளைப்பலகை ஒன்றைப் பிடித்திருந்தார். பலர் ஒரே நேரத்தில் எழுதலாம், வரையலாம். "இங்க பாருங்களேன், எவ்வளவு தள்ளினாலும் பலகை தீரவே மாட்டேங்குது! இதுக்கு ஓரமே கிடையாதா?" என்று தள்ளிக்கொண்டே போனவர், திரும்ப வழி தெரியாமல் வெறும் வெள்ளையில் கொஞ்ச நேரம் அலைந்தார். மஞ்சள் சீட்டு ஒட்டினார். வட்டத்தை இழுத்து முட்டையாக்கினார். அழித்ததை ஒரே சொடுக்கில் திரும்ப வரவழைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இந்த வசதி மரத்துல இருந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்." கடைசியில் மேடையின் வரைபடத்தை நடுவில் வைத்து, உள்ளே வருவதற்கான இணைப்பை இயக்குநருக்கும் தம்பிக்கும் அனுப்பினார்.

முதல் கூட்டம் சொதப்பியது. உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் அம்பு. இயக்குநருக்குச் சிவப்பு, தம்பிக்குப் பச்சை. "டேய், தோணுறத எழுதுடா!" என்று அக்கா விரட்ட, பச்சை அம்பு மாடிப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓர் எழுத்துகூட விழவில்லை.

"அவருக்கு இதுல இஷ்டமில்ல போல, விடுங்கக்கா" என்றார் இயக்குநர்.

கூட்டம் கலைந்ததும் தம்பியிடமிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது: 'எழுத விடவே இல்லை.' அக்கா திரைக்குள் தலையை விடாத குறையாக ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். பகிர்வதற்கான பொத்தானுக்கு அடியில் அது அகப்பட்டது. அனுப்பிய இணைப்பில் 'பார்க்க மட்டும்' என்று இருந்திருக்கிறது. இயக்குநருக்கும் அதே கதிதான்; வாய் இருந்ததால் அவர் எழுதிப் பார்க்கவே இல்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நானே கதவப் பூட்டிட்டு, உள்ள வாடா வாடான்னு கத்தியிருக்கேனே!"

"இன்னும் ஒரே ஒரு தடவை, சார்" என்று கெஞ்சி இயக்குநரை மறுபடி வரவழைத்தார். இப்போது எல்லாருக்கும் எழுத அனுமதி. இயக்குநர் எதையோ சுட்டிக்காட்டப் போய், மாடிப்படியையே பிடித்து இழுத்துவிட்டார். "ஐயையோ, என் படியத் தூக்கிட்டு எங்க ஓடுறீங்க!" என்று அக்கா அலறினார். பச்சை அம்பு விரைந்து போய்ப் படியைப் பிடித்தது. பழைய இடத்தில் வைக்கவில்லை. இடதுபுறம் நகர்த்தி, சன்னலிலிருந்து அதன்மேல் மஞ்சளாக ஒரு கோடு இழுத்தது. பக்கத்தில் ஒரு சீட்டு முளைத்தது: 'கதாநாயகி இறங்கும்போது கால் மட்டும் தெரியட்டும். முகம் வேண்டாம்.'

இயக்குநர் அதற்குக் கீழே எழுதினார்: 'முகம் எப்போது?'

'பொய் சொல்லும்போது.'

சிவப்பு அம்பு ஒரு புதுச் சீட்டில் 'விளக்கமைப்பு' என்று எழுதி, அடியில் தம்பியின் பெயரைப் போட்டது. பிறகு சிவப்பும் பச்சையும் மேடையெங்கும் சண்டை பிடித்தன. சீட்டுக்குமேல் சீட்டு விழுந்தது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அக்கா," இயக்குநரின் குரல் கேட்டது, "இந்த வலது மூலைய ஏன் இருட்டாவே விடச் சொல்றாரு? நீங்க சொல்லுங்களேன்."

அக்காவுக்குப் பதில் தெரியும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டதை நான் பார்த்தேன். உதடு பிரிந்தது. சட்டென்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பச்சை அம்பு அந்த மூலையை நோக்கி நகரும்வரை கையை எடுக்கவே இல்லை.