புகார் இல்லாத லைன்

லைன்மேனான அவருக்குத் 'தூரம்' என்று பட்டப்பெயர் வைத்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் யார் என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. இன்டர்நெட் ஏன் இப்படி நத்தையாக ஊர்கிறது என்று எந்த வீட்டில் கேட்டாலும், ஏணியைத் தோளிலிருந்து இறக்காமலே, "தூரம்மா. எக்ஸ்சேஞ்சுலேருந்து நாலு கிலோமீட்டர். செம்புக் கம்பியில வந்து சேர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்குது" என்பார். பொய் இல்லை. எக்ஸ்சேஞ்சின் ஏ.சி. அறையில் டி.எஸ்.எல். கருவியிலிருந்து புறப்படும் வேகம் தெருவுக்குத் தெரு சிந்திக்கொண்டே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வீடுகளை எட்டும்போது கால்வாசிதான் மிஞ்சும். ஆனால் ஒரே சுவரை ஒட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றில் ஓடி ஒன்றில் ஓடாமல் இருப்பதற்குத் தூரம் காரணமாக முடியாது. அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. படித்தவர்கள்கூடக் கேட்டதில்லை.

காரணம் மண்ணுக்கடியில் இருந்தது. தெருமுனைப் பில்லர் பெட்டியிலிருந்து தொட்டிக்குப் பின்னால் உள்ள கம்பத்துப் பெட்டிவரை ஒரு கேபிள். அதற்குள் ஐம்பது ஜோடிக் கம்பிகள், வீட்டுக்கு ஒரு ஜோடி. முப்பது வருஷ மழையில் சில ஜோடிகள் செத்துவிட்டன. மற்றதில் பெரும்பாலானவை பச்சை பிடித்துக் கிடந்தன. அவற்றில் பேச்சு போகும், பிராட்பேண்ட் நிற்காது. மோடத்தின் விளக்கு ஏறும், விழும், ஏறும், விழும். பிராட்பேண்டைத் தாங்குகிற நல்ல ஜோடி பன்னிரண்டு. பிராட்பேண்ட் வாங்கிய வீடுகள் பதினான்கு.

புதுக் கேபிள் கேட்டு நாலு தடவை எழுதிக் கொடுத்தார். கண்ணாடி இழைக் கேபிள் ஆறு மாதத்தில் வந்துவிடும், அதுவரை செம்பைத் தொடாதீர்கள் என்று பதில் வந்தது. பதில் வந்து மூன்று வருஷம் ஆகிறது.

ஆகவே அவர் ஒரு முறை வைத்துக்கொண்டார். ஆபீஸ் கணக்கில் ஒரு புகார் மூன்று நாளுக்குள் தீரவில்லையென்றால் திரையில் சிவப்பாகிவிடும். சிவப்பு நேராக மேலதிகாரியின் மேஜைக்குப் போகும். மூன்றாவது நாள் காலையில் பில்லரையும் கம்பத்துப் பெட்டியையும் திறந்து, கத்துகிற வீட்டுக்கு நல்ல ஜோடியைக் கொடுத்து, கத்தாத வீட்டுக்குக் கெட்டதை மாற்றிவிடுவார். அந்த வீடு கத்தத் தொடங்கி மூன்று நாள் ஆனதும் இன்னொரு வீடு. எக்ஸ்சேஞ்சில், "இன்னைக்கு எந்த ஜோடியண்ணே பிரிச்சீங்க?" என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? நான் என்ன, குடும்பக் கோர்ட்டா நடத்துறேன்?"

உள்ளுக்குள் அவருக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. பதினான்கு வீடுகளுக்கும் கஷ்டத்தைச் சமமாகப் பங்கு வைக்கிறோம் என்று நினைத்தார். அது சமம் இல்லை என்பது பல் டாக்டர் வந்த பிறகு தெரிந்தது. டாக்டர் தொட்டிக்குப் பின்னால் கிளினிக் திறந்த மறுநாளே மூன்று புகார் பதிந்தார். நாலாவதை எக்ஸ்சேஞ்ச் இன்ஜினியரின் சொந்த செல்போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இன்ஜினியருக்கு அந்த மாதம்தான் டாக்டர் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். டாக்டரின் லைனில் கை வைக்கக்கூடாது என்று ஆயிற்று. அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். இந்தப் பிள்ளை அழுததோடு நிற்காமல் கடிக்கவும் செய்தது.

அந்தப் பதினான்கு வீடுகளில் ஒன்று அக்காவுடையது.

அக்கா அவரைவிட மூன்று வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கம்பெனியில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனி மூடியதும் வீட்டிலேயே வேலை தேடிக்கொண்டாள். எங்கோ இருக்கும் டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலுக்கடியில் உள்ள பெடலை மிதித்துப் பேச்சை நிறுத்தி, ஓட்டி, பின்னுக்கு இழுத்து, அச்சுப் பிசகாமல் தட்டி அனுப்ப வேண்டும். தெரு முழுக்க யாருக்கு என்ன வியாதி என்று பேசிக்கொள்ளும்போது, "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த ஊர்க்காரன் பித்தப்பைதான்" என்பாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு லைன் இழுத்துக் கொடுத்த அன்றைக்கே அவர் ஒன்று சொல்லி வைத்திருந்தார். லைன் போனால் புகார் எண்ணைக் கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு. என் பகுதியில் என் அக்காவே புகார் பதிந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். அக்கா சரி என்றாள். சொன்னபடியே இருந்தாள். போன் வந்த ஒரு மணி நேரத்துக்குள் அவரும் போய் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

சாலையைத் தோண்டினார்கள். பன்னிரண்டு நல்ல ஜோடி ஒன்பதாயிற்று. பதினான்கு வீட்டுக்கு ஒன்பது என்றால் எந்த நேரமும் ஐந்து வீடு கத்தும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அவர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏணியோடு அலைந்தார். அக்காவுக்கு ஒரு மணி நேரம் என்பது 'நாளைக்கு' ஆயிற்று. நாளைக்கு, நாளன்றைக்கு ஆயிற்று. ஒருநாள் அவர் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது.

"தூரம்க்கா. என்ன பண்றது?"

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நேத்தைக்கு இருந்த இடத்துலதானடா வீடு இருக்கு? ராத்திரியில நகர்ந்திருச்சா?"

அவர் சிரித்துச் சமாளித்தார். அவளும் விட்டுவிட்டாள்.

பிறகுதான் அவளுக்கு வேலை அனுப்பும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனி பேச்சை மெஷினே தட்டிவிடும், தப்பைத் திருத்த மட்டும் ஆட்கள் போதும். வியாழக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டுவரை லைனிலேயே ஒரு பரீட்சை. தேறுகிறவர்களுக்கு வேலை உண்டு. அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. வேறு எந்தக் கதவும் அவளுக்குத் திறக்காது என்பது இருவருக்கும் தெரியும், அதைப் பேசிக்கொள்ளவில்லை. புதன்கிழமை அவள் கேட்டது இவ்வளவுதான்:

"ரெண்டு மணி நேரம். அதுக்கப்புறம் ஒரு வாரம் இல்லாட்டியும் பரவாயில்ல."

"நான் இருக்கேன்ல?" என்றார். அன்று மாலையே நல்ல ஜோடி ஒன்றை அவள் வீட்டுக்கு மாற்றினார். விளக்கு நின்று எரிவதை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இன்ஜினியர் கூப்பிட்டார். டாக்டர் லைன் போய்விட்டது. கிளினிக்கைப் பார்க்க யாரோ பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், எக்ஸ்ரே படம் திறக்கவில்லை. "அரை மணி நேரம் தர்றேன்ணே. அதுக்கு மேல போனா நானே உங்களைக் காப்பாத்த முடியாது."

டாக்டரின் ஜோடியைச் சோதித்தார். செத்திருந்தது. மீதி நல்ல ஜோடி எட்டு. பில்லரின் முன்னால் நின்று எட்டு வீடுகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். டியூஷன் வாத்தியார் ஐந்தே நிமிஷத்தில் புகார் பதிவார். மாவு மில்காரர் பதிந்துவிட்டு நேரில் வந்து சட்டையைப் பிடிப்பார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் கடிதம் எழுதி நகல் எடுத்து மூன்று இடத்துக்கு அனுப்புவார். இப்படி ஏழு. எட்டாவது வீட்டிலிருந்து ஆறு வருஷமாக ஒரு புகார்கூட வந்ததில்லை.

அரை மணி நேரம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பரீட்சையில் முதல் அரை மணி நேரம் பேர், விலாசம் என்று ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். கை தானாகப் போயிற்று. அங்கே கழற்றி இங்கே முடுக்க நாலு நிமிஷம். பிறகு கம்பத்தில் ஏறி மறுமுனையில் நாலு நிமிஷம். இறங்கும்போது பத்தடித்து ஐந்து. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா. அதிர்ந்து ஓயும்வரை ஏணியைப் பிடித்தபடி நின்றார். மறுபடி அதிர்ந்தது.

கிளினிக்கிலிருந்து அவரைக் கிளம்ப விடவில்லை. டாக்டர் வேகத்தை அளந்து காட்டச் சொன்னார். வந்தவர்கள் எதிரிலேயே, இதுதான் நான் சொன்ன லட்சணம் என்று அவரைச் சுட்டிக்காட்டினார். இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். இன்ஜினியர் போனில், டாக்டர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள் என்றார். நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களோடு அவரும் உட்கார்ந்திருந்தார். மறுபடி ஜோடியை அக்கா வீட்டுக்கு மாற்றி முடித்தபோது பன்னிரண்டு பத்து.

மாலையில் போனார். அக்கா கதவைத் திறந்து காபி வேண்டுமா என்றாள். ரோட்டில் தோண்டிவிட்டார்கள், கேபிள் அறுந்துவிட்டது, ஓடி ஓடிப் பார்த்தேன் என்றார்.

"நீ என்னடா பண்ணுவ?" என்றாள் அக்கா. "முகமெல்லாம் கறுத்துப்போயிருக்கு. முதல்ல உட்காரு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வழி ஒன்று இருந்தது. லைன் பழுது என்று டெலிபோன்காரர்களிடமிருந்து புகார் எண்ணோ எழுத்தோ கொண்டுவந்தால் திங்கட்கிழமைக்குள் மறுபரீட்சை வைக்கிறோம் என்று கம்பெனி சொன்னது. எண் இல்லை, அவள் புகார் பதியவில்லை. எழுத்து வாங்கிவரத் தம்பியை அனுப்பினாள். இன்ஜினியர் அவள் எண்ணைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு வியந்துபோனார். ஆறு வருஷமாக ஒரு பழுதும் பதிவாகாத லைன். இந்த எக்ஸ்சேஞ்சிலேயே இதைவிட நல்ல லைன் கிடையாது. இதற்கா பழுது என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள்?

அவர் குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னார். இன்ஜினியர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பதிவை எடுத்தா அவங்க லைன் விழுந்த நேரம் வரும்ணே. அதே நேரத்துல டாக்டர் லைன் எழுந்ததும் வரும். யார் சொல்லி மாத்தினீங்கன்னு கேட்பாங்க. நான் சொல்லலை, சரியா? ரிட்டயராக இன்னும் பதினோரு மாசம் இருக்கு உங்களுக்கு. யோசிங்க."

சனிக்கிழமை அக்காவிடம் போய், சார் முடியாது என்றுவிட்டார் என்றார். அக்கா அன்றைக்குக் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. இதற்குள் அவள் தெருவில் விசாரித்திருந்தாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு வேறு எந்த வீட்டிலும் புதிதாக லைன் போகவில்லை. நிலம் அளப்பவர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுகிறவர்.

"பத்து மணிக்குக் கம்பத்து மேல நின்னது நீதானே?"

அவர் தலையாட்டினார்.

"யாருக்கு?"

"டாக்டருக்கு. அரை மணி நேரம்னுதான்க்கா நினைச்சேன்."

"இத்தனை வீடு இருக்கு. என் வீட்டை ஏண்டா எடுத்த?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு வேறு எதுவும் வரவில்லை. "நீதான் புகார் பண்ண மாட்டே."

அக்கா காலுக்கடியில் இருந்த பெடலை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி உன் கையெழுத்தைப் போட்டுக் கொடு, கம்பெனிக்கு அது போதும் என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை யோசித்தார். தாளைக்கூட எடுத்து வைத்தார். கம்பெனிக்குப் போகிற கடிதம் எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பி வராது என்று என்ன நிச்சயம்? மனைவி, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். திங்கட்கிழமை வேறு பக்கம் வேலை இருந்தது, இல்லாவிட்டாலும் தேடிக்கொண்டிருப்பார். அக்கா போன் செய்யவில்லை. திங்கட்கிழமை போயிற்று.

புதன்கிழமை காலையில் செல்போனில் அன்றைய புகார்கள் இறங்கின. மூன்றாவதாக அக்காவின் எண். ஆறு வருஷத்தில் முதல் தடவை. பழுது இல்லை, இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்றிருந்தது.

மற்ற இரண்டையும் முடித்துவிட்டு மூன்றாவதாகத்தான் போனார். மணியை அடித்தார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு மணியை அவர் அடித்ததில்லை. அக்கா கதவைத் திறந்தாள்.

"லைன்மேனா? வாங்க."

"அக்கா..."

"மோடம் அதோ மேஜை மேல இருக்கு. வயரையும் எடுத்துக்கோங்க."

மோடத்தை ஏற்கெனவே கழற்றித் துடைத்து வைத்திருந்தாள். ஹெட்போனும் பெடலும் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. அவர் நின்றபடியே படிவத்தைப் பூர்த்தி செய்தார். கடைசியில் காரணம் என்று ஐந்து கட்டம். வீடு மாற்றம், வேறு நிறுவனம், கட்டணம் அதிகம், சேவைக் குறைபாடு, சொந்த விருப்பம். நாலாவதில் டிக் அடித்தால் விசாரணை வரும். அதனால் எந்த லைன்மேனும் நாலாவதில் டிக் அடிப்பதில்லை.

"என்ன காரணம்னு போடட்டும்?" என்று கேட்டார். அவள் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அவள் எதைச் சொன்னாலும் அதிலேயே டிக் அடித்துவிடலாம் என்றுகூட அந்தக் கணத்தில் தோன்றியது.

"எழுதுறது உங்க கை. உங்களுக்குத் தெரிஞ்சதைப் போடுங்க."

பேனாவைக் கட்டங்களுக்கு மேல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொந்த விருப்பத்தில் டிக் அடித்து, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பித்தப்பை அறிக்கையைப் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தாள். கட்டத்தில் விரல் நின்றது. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"தேதி வேணுமா?" என்றாள்.

"வேணும்" என்றார் அவர். அதையும் போட்டாள்.