சாக்கட்டிப் பத்தியில் எழுதப்பட்ட பயம்

பஞ்சாபகேசன் பிறந்தது கொல்லம் ஆண்டு 1091, அந்த ஆண்டு பிறக்கும் ஆவணி மாதம். பிறந்த இடம் திருவனந்தபுரம் வலியசாலை, கோயிலுக்குத் தெற்கே நாலாவது வீடு. தகப்பனாருக்குக் கிழக்கேகோட்டைக் கோயிலின் உக்கிராணத்தில், அதாவது பண்டகசாலையில், எழுத்து வேலை. ஏழாம் வயதில் பூணூல். அது முதல் ஆறு வருஷம், பள்ளிக்கூடம் போகுமுன் காலையில் வேத பாடம். பி.ஏ. பரீட்சையில் பௌதிகத்தில் முதல் வகுப்பு. விவாகம் 1112 தை, மனைவி ஜெயலக்ஷ்மி. 1113 ஆனியில் மேற்படிப்புக்காகக் கல்லூரியில் சேர்ந்தார். உயரம் ஐந்தடி பதினோரங்குலம். குரல், வீட்டில் பேசினால், மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

வெளியே பேசினால் கேட்காது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

மேற்படிப்பு மாணவர்கள் இன்டர்மீடியட் முதலாண்டு வகுப்புக்கு வாரத்தில் மூன்று மணி பாடம் நடத்த வேண்டும் என்பது கல்லூரியின் ஏற்பாடு. அவர்களுக்கு டியூட்டர் என்று பெயர். ஓணத்து விடுமுறைக்கு முன் பேராசிரியர் ஞானசிகாமணி ஒரு நாள் வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் டியூட்டர் உத்தியோகமும் போகும், அதோடு பிணைந்திருந்த மேற்படிப்பும் போகும்.

போனால் எங்கே போவது என்பதும் தீர்மானமாகியிருந்தது. மாமா நாகேஸ்வரன் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் மருமகனுக்கென்று ஓர் இடம் சொல்லிவைத்திருந்தார். "குளிர் ஒரு மாதத்தில் பழகிவிடும், அட்டை பழகாது, ஆனாலும் சுண்ணாம்பு தடவினால் விழுந்துவிடும், ஆகவே தயங்காமல் வரவும்" என்று அவர் எழுதிய கடிதத்தைப் பஞ்சாபகேசன் ஒரு முறைதான் படித்தார். அன்று இரண்டு முறை கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

முதல் வகுப்பில் அறுபது மாணவர்கள். முதல் வாக்கியம் ஒழுங்காக வந்தது. இரண்டாவது வாக்கியம் நொண்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது புறப்படவே இல்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் படம் போடத் தொடங்கினார். மணி அடிக்கும் வரை போட்டார். மூன்று வகுப்பு முடிவதற்குள் அந்தப் பருவத்துக்குரிய படங்கள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. சொல்ல வேண்டிய பாடம் மட்டும் அப்படியே பாக்கி நின்றது.

இந்த நிலையில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை அவர் கண்ணில் பட்டது. டியூட்டர்களின் குறைகளைத் தீர்க்கக் கல்லூரி ஒரு சகாய அறை திறந்திருக்கிறது. ஆளுயரக் கண்ணாடி ஒன்று, பெப்பர்மின்ட், உபந்நியாசக் கலையைப் பற்றிய இரண்டு புத்தகங்கள் ஆகியவை அங்கே உண்டு. குறையைப் பதிவு செய்தால் நிவாரணம் உடனே கிடைக்கும் என்று அது கூறிற்று.

அறையின் பொறுப்பு குமஸ்தா திரவியத்தினுடையது. திரவியம் நாகர்கோவில் பக்கத்தவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். டியூட்டர்களுக்குச் சகாயம் செய்யும் தகுதி அவரிடம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அந்த அறையின் சாவி முன்பே அவரிடம் இருந்தது. அதனால் அறையும் அவரிடம் வந்தது.

"வாங்க சாமி. எந்தப் பத்தி?" என்று ரிஜிஸ்டரை விரித்தார் திரவியம்.

"பத்தியா?"

"நாலு பத்தி உண்டும். தொண்டை, சாக்கட்டி, ஒழுங்கு, சுகக்கேடு. ஒங்களுக்கு என்ன கொறவு?"

பஞ்சாபகேசன் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. "பயமாருக்கு, ஸார்."

திரவியம் நாலு பத்தியையும் விரல் வைத்துத் தேடினார். "பயத்துக்குப் பத்தி இல்லையே."

"தொண்டையில போட்டுடுங்கோ. குரல் வரல்லை."

"இப்பம் வருதே! இல்லாததை எழுதினா நாளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? சுகக்கேடுன்னா டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும். ஒழுங்குன்னா பையம்மாரு பேரு வேணும்."

"அவா ஒரு தப்பும் பண்ணலையே. சும்மா என்னையே பாத்துண்டிருக்கா. அதுதான் சங்கடம்."

"அப்பம் சாக்கட்டிதான். அதுக்கு ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ." திரவியம் எழுதினார், ஒரு பெட்டி சாக்கட்டியை எடுத்து நீட்டினார்.

"எனக்கு இது வேண்டாமே."

"பதிஞ்சாச்சு சாமி. பதிஞ்சா நிவாரணம் குடுக்கணும். வாங்கிட்டு உக்காருங்க. இனி பயத்தைச் சொல்லுங்க, கேக்கேன்."

அன்று முக்கால் மணி நேரம் கேட்டார். மனிதர் நன்றாகக் கேட்பார். அடுத்த வாரமும் பஞ்சாபகேசன் போனார்; அதற்கும் அடுத்த வாரம் மூன்று முறை போனார். பதிவில்லாமல் யாரையும் உள்ளே உட்காரவைக்கத் திரவியத்தின் மனச்சாட்சி இடம் தரவில்லை. ஆகவே ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பெட்டி.

வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டு நிறைந்தது.

"ஏன்னா," என்றாள் ஜெயலக்ஷ்மி, "நீங்க காலேஜில பாடம் சொல்றேளா, வெள்ளையடிக்கறேளா?"

"சகாயம்னு தரா."

"நன்னாருக்கு சகாயம்! கோலத்துக்காவது ஆகுமான்னு ஒரு பெட்டியைப் பொடிச்சுப் பாத்தேன். எறும்புகூட எட்டிப் பாக்கலை, கேட்டேளா?"

கண்ணாடியையும் அவர் முயன்று பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முறை பதிந்து, அதன் முன் நின்று, "மாணவர்களே" என்றார். கண்ணாடிக்குள் நின்றவர் இவரைக் கண்டு மிரண்டார். ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ளும் நிலையில் இருவரும் இல்லை. புத்தகங்களில் ஒன்று, பேசத் தொடங்குமுன் சபையோரை முட்டைக்கோசுகளாக எண்ணிக்கொள்ளச் சொன்னது. பஞ்சாபகேசனுக்கு முட்டைக்கோசு பழக்கமில்லை, பூசணிக்காயாக எண்ணினார். அறுபது பூசணிக்காய்களும் அவரையே பார்த்தன.

கடைசியில் திரவியமே ஒரு வழி சொன்னார். "நான் வந்து பின்பெஞ்சில இருக்கேன். அறுபது பேருக்கும் நீங்க சொல்லண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. எனக்குத்தான் பௌதிகம் ஒரு எழவும் தெரியாதே, என்ன பயம்?"

மறுநாள் திரவியம் வந்து உட்கார்ந்தார். பஞ்சாபகேசன் அவர் முகத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னார். வகுப்பு நடந்தது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தரப்படுகிறது.

"மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்குகிறது."

சொல்லிவிட்டு நின்றார். மூன்றாவது வாக்கியத்தில் வர வேண்டிய தடை அன்று முதலாவதிலேயே வந்துவிட்டது.

திரவியத்துக்கோ, தேவாலயத்தில் போதகர் ஒரு வரி வாசித்து நிறுத்தினால் சபை பதில் சொல்ல வேண்டும் என்பது நாற்பது வருஷத்துப் பழக்கம். எதிரே ஒருவர் நின்றபடி ஒரு வரி சொல்லி நிறுத்தியிருக்கிறார். திரவியம் தம்மை அறியாமல், கணீரென்ற அடிக்குரலில், அதே வரியைத் திருப்பிச் சொன்னார்.

முன்பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு, இது புதிய முறை போலும் என்று எண்ணி அவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

அந்த ஒலி காதில் விழுந்ததும் பஞ்சாபகேசனுக்குள் ஆறு வருஷத்து வேத பாடம் எழுந்து உட்கார்ந்தது. வேதம் சொல்லிக்கொடுப்பதற்குச் சந்தை சொல்லுதல் என்று பெயர். ஆசிரியர் ஒரு துண்டை ஒரு முறை சொல்வார். மாணவர்கள் அதை இரண்டு முறை சொல்வார்கள். இரண்டாவது முறை முடிந்தபின்தான் அடுத்த துண்டு. இங்கே ஒரு முறைதான் வந்திருக்கிறது. அவர் கை தானாக உயர்ந்தது. இன்னொன்று பாக்கி என்று காட்டியது. வகுப்பு மறுபடி சொன்னது. கை தாழ்ந்தது. அடுத்த துண்டு தடையின்றி வந்தது.

மணி அடித்தபோது மூன்று பக்கப் பாடம் முடிந்திருந்தது. பஞ்சாபகேசனுக்குப் பயம் வர நேரமே இருக்கவில்லை. இரண்டு ஆவர்த்தி முடியும் வரை மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

"சந்தை சொன்னேளா?" என்று ஜெயலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள். "பௌதிகத்துக்கா? தக்ஷிணையும் வாங்கிண்டு வந்திருக்கலாமே!"

இரண்டு வாரத்தில் வகுப்பு கெட்டிப்பட்டுவிட்டது. கெட்டிப்பட்டது சற்று அதிகமாகவே. பஞ்சாபகேசன் வாயிலிருந்து எது வந்தாலும் அது பாடமாயிற்று. "தங்கப்பன், ஜன்னலைச் சாத்து" என்றார் ஒரு மழை நாளில். அறுபது பேரும் இரண்டு முறை, "தங்கப்பன், ஜன்னலைச் சாத்து" என்றார்கள். அவர்களில் தங்கப்பனும் ஒருவன். இரண்டு முறையும் சொல்லி முடித்த பிறகே எழுந்து போய்ச் சாத்தினான்.

"சாமி, பேராசிரியர் வாற அன்னைக்கு மட்டும் இது வேண்டாம்," என்றார் திரவியம். "முந்தின நாளே பையம்மார்ட்ட சொல்லிருங்க."

முந்தின நாள் என்று ஒன்று கிடைக்கவில்லை. பேராசிரியர் குறித்த தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே, சொல்லாமல் வந்தார். அவருக்காக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரவியம் பின்னால் வந்தார். வாசலில் அவர்களைக் கண்டதும் பஞ்சாபகேசன் பதறிப்போய் வகுப்பைப் பார்த்துச் சொன்னார்:

"இன்றைக்கு யாரும் எதையும் திருப்பிச் சொல்லக் கூடாது."

"இன்றைக்கு யாரும் எதையும் திருப்பிச் சொல்லக் கூடாது," என்றார்கள் அறுபது பேரும். இரண்டாவது முறை சொன்னபோது நாற்காலியோடு நின்ற திரவியத்தின் அடிக்குரலும் அதில் சேர்ந்திருந்தது.

பேராசிரியர் ஞானசிகாமணி உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. தங்கப்பனை எழுப்பி, மிதத்தல் விதியைக் கேட்டார். தங்கப்பன் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் அதை இரண்டு முறை உறுதிப்படுத்தினார்கள்.

"நல்லது. ஒரு வள்ளம் ஆற்றிலிருந்து கடலுக்குள் போகிறது. அது தண்ணீரில் இன்னும் ஆழுமா, உயருமா?"

தங்கப்பன் பஞ்சாபகேசனைப் பார்த்தான். எல்லோரும் பஞ்சாபகேசனைப் பார்த்தார்கள். அவர் சொன்னால் சொல்வதற்கு அறுபது வாய்களும் திறந்து காத்திருந்தன.

பேராசிரியர் தாளில் ஏதோ எழுதினார். பஞ்சாபகேசனின் கணுக்காலில் குளிர்ந்தது.

"சகாய அறைக்குப் போனதுண்டா, மிஸ்டர் பஞ்சாபகேசன்?"

தலையசைத்தார். ரிஜிஸ்டர் வந்தது. பேராசிரியர் ஒரு பக்கம் புரட்டினார், இன்னொன்று புரட்டினார். "பத்தொன்பது முறை. பத்தொன்பதும் சாக்கட்டி. நம் இலாகா முழுவதும் ஒரு வருஷத்துக்குச் செலவழிப்பது எட்டுப் பெட்டி. மிஸ்டர் திரவியம், இதெல்லாம் எங்கே போயிற்று?"

திரவியத்தின் முகம் சுண்டியது. இல்லாததை எழுத மாட்டேன் என்று நின்ற மனிதர். அந்த ரிஜிஸ்டரில் அவர் எழுதிய ஒரே பொய் பத்தொன்பது வரியாக நீண்டு கிடந்தது. "அது வந்து, சார்..." என்று தொடங்கினார். குரல் போய்விட்டது.

"அவர் பேரில் தப்பில்லை," என்றார் பஞ்சாபகேசன்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

"சாக்கட்டி எனக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு இருந்தது பயம். அதற்குப் பத்தி கிடையாது. இந்த அறுபது பேரும் என்னைப் பார்க்கும்போது எனக்கு மூன்றாவது வாக்கியம் வராது. அவர் பத்தொன்பது நாள் உட்கார்ந்து கேட்டார். இங்கே வந்து பின்பெஞ்சிலும் இருந்தார். பெட்டிகள் என் வீட்டில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் என் மனைவி பொடித்துவிட்டாள். திருப்பிச் சொல்கிற வழக்கம் என்னால் வந்தது. அதில் எனக்கு மூச்சு விட முடிந்தது. இவர்களுக்கு யோசிக்க முடியாமல் போயிற்று. வள்ளக் கேள்வியில் அதுதான் தெரிந்தது. அந்தக் கேள்வி ஒன்றும் கடினமில்லை..."

வாய் நிற்கவில்லை. அவர் திரும்பி ஒரு வள்ளம் வரைந்தார். அதன் கீழே ஆற்றை வரைந்தார், பக்கத்தில் கடலை வரைந்தார். "தங்கப்பா, சங்குமுகத்துக் கடலில் குளித்திருக்கிறாயா? ஆற்றிலும் குளித்திருப்பாய். எதில் எளிதாக மிதந்தாய்?"

தங்கப்பன் பதிலுக்காக அவர் வாயைப் பார்த்தான். அது மூடியிருந்தது. பிறகு கூரையைப் பார்த்தான். "கடல்ல, சார். உப்புத் தண்ணி கனம் கூட... அப்போ கொஞ்சம் விலக்கினாலே மதி, அது போதும்... வள்ளம் பொங்கும், மேலே வரும், சார்!"

முன்பெஞ்சில் இருவர் அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் தொடையில் கிள்ளினார்கள்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு நிமிஷம் தடையில்லாமல் பேசினீர். எழுதியதைக் கிழித்துவிடுகிறேன். மிஸ்டர் பஞ்சாபகேசன், இதுதான் உம்முடைய முதல் வகுப்பு. அடுத்த பருவத்தின் முடிவில் மறுபடி வருவேன். மிஸ்டர் திரவியம், ஐந்தாவது பத்தி ஒன்று கோடு போடும்."

"என்ன தலைப்புன்னு போடட்டும், சார்?"

"அவர் சொன்னாரே, அதை."

பதினெட்டுப் பெட்டி சாக்கட்டி ஒரு ஜட்கா வண்டியில் கல்லூரிக்குத் திரும்பிற்று, ரசீது பெறப்பட்டது. போனக்காட்டு இடம் மாமாவின் சிநேகிதர் மகன் ஒருவனுக்குப் போயிற்று. அடுத்த பருவத்தில் பேராசிரியர் சொன்னபடி வந்தார், அரை மணி இருந்தார், ஒன்றும் எழுதவில்லை. புதிய வகுப்பின் முதல் நாளில் மூன்றாவது வாக்கியம் அதன் பிறகும் சில வருஷம் பஞ்சாபகேசனைப் பயமுறுத்தியது. அந்த நாட்களில் அவர் இரண்டாவது வாக்கியத்தோடு நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டு, மாணவர்களைப் பேசவிட்டுவிடுவார். 1114 ஆனியில் உத்தியோகம் ஸ்திரமாயிற்று. 1115-இல் எம்.ஏ.; 1116-இல் ஒரு பெண், 1119-இல் ஒரு பெண்.

ஆசிரியப் பணி, இதை எழுதும் 1125 கார்த்திகை வரையில்: பதினோரு வருஷம், ஐந்து மாதம்.