கடைக் கதவில் ஹலினாவின் போஸ்டர்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் பக்கத்து வீட்டு ஹலினாவைப் பார்த்தால் ஓவியர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காதில் பென்சில் செருகியிருப்பதால் தச்சு வேலைக்கு வந்தவர் என்று வேண்டுமானால் நினைக்கலாம். இளம்வயதில் போலந்தில், கிராக்கோவ் நகரத்தில், நாடகங்களுக்குப் போஸ்டர் வரைந்தவர். அங்கே நடிகர் முகத்தைப் போடமாட்டார்களாம். நாடகத்தின் உயிர் எதுவோ அதை மட்டும் வரைவார்களாம். எண்பதுகளில் கணவரோடு நியூஜெர்சி வந்தார். கிடைத்தது மருந்து கம்பெனியில் டப்பா டிசைன் செய்யும் வேலை. ரிட்டயர் ஆகும்வரை அதுதான். “என் டப்பாவை எல்லாரும் கையில் எடுத்தார்கள். மாத்திரையைத்தான் பார்த்தார்கள்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

“இன்னும் ஒரே ஒரு போஸ்டர், ஷ்யாமளா. யாராவது நின்று பார்க்க வேண்டும். அது போதும்” என்றார் ஒருநாள். தமிழ்ச் சங்க நாடகத்துக்கு நான்தான் பொறுப்பு. என் வாய் சும்மா இருக்குமா? எங்களுக்கு வரையுங்கள் என்றுவிட்டேன்.

விசிட்டர் விசாவில், மகள் பிரசவத்துக்கு வந்து குளிர்காலத்தில் மாட்டிக்கொள்ளும் ஓர் அம்மாவின் கதை அது. ஹலினா ஒத்திகைக்கெல்லாம் வந்து, ஒரு வார்த்தை புரியாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். பிறகு வரைந்து கொண்டுவந்தார். காகிதம் முழுக்க ஒரு பெரிய குளிர்க்கோட்டு. தலை இல்லை. கீழே ஒரு சாண் புடவைக் கரை, ரப்பர் செருப்பு. பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. முதல் பனியில் என் அம்மா அப்படியேதான் நின்றாள்.

சங்கத் தலைவர் ஜம்புநாதனுக்குப் பேச்சு நிறைய வந்தது. “என்னம்மா இது, மொட்டையா இருக்கு? சீஃப் கெஸ்ட் போட்டோ எங்க? ஸ்பான்சர் பண்ற ரியல்டர், வீடு வித்துக் குடுக்கிறவர், அவர் மூஞ்சியப் போடலேன்னா கோச்சுப்பார். நான் வேற ஆக்ட் பண்றேன்!”

சண்டை போட்டேன். கடைசியில் வாட்ஸ்அப்புக்கு வழக்கம்போல வட்டவட்டமாகத் தலைகள் போட்ட போஸ்டர். ஹலினாவின் போஸ்டர் ஒரே ஒரு பிரதி, செல்வராஜின் மளிகைக் கடையில், கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம். அதற்கே ஹலினாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தினமும் கடைக்குள் வெண்டைக்காய் பொறுக்குவதுபோல நின்று, வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார். அவர்களோ போனைப் பார்த்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “யாரும் நிற்கவில்லை” என்றார் என்னிடம். எங்கள் சனங்கள்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாடகத்துக்கு முந்தைய நாள் காலை செல்வராஜ் போன் பண்ணினார். “அக்கா, கோச்சுக்காதீங்க. கடை தொறக்க வந்தா போஸ்டரைக் காணோம். எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். கேமரால செக் பண்ணட்டுமா?”

“பண்ணுங்க! அவனை விடக்கூடாது!” என்று கத்தினேன். நேரே கடைக்குப் போய்க் கதவைப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் ஹலினா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். “கிழித்திருக்கிறார்களா, உரித்திருக்கிறார்களா?”

“பதமாக உரித்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஒரு துணுக்குக் காகிதம்கூட இல்லை.”

ஹலினா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாவி, சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கையை எடுத்தபோது கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக இருந்தார்.

“கிராக்கோவில் பசை காய்வதற்குள் உரித்துக்கொண்டு ஓடுவார்கள், வீட்டில் மாட்ட. ரொம்பப் பிடித்ததை மட்டும்தான் திருடுவார்கள். கேமராவெல்லாம் பார்க்கச் சொல்லாதே, ஷ்யாமளா. அவர் நிம்மதியாக மாட்டிக்கொள்ளட்டும்.”