பச்சை டேப்

யுத்தம் முடிந்த வருடம். கட்டாரிலிருந்த கணவருக்கு, அவர் போன பிறகு பிறந்த மகளைக் காட்ட ஆசைப்பட்டு, அவர் விட்டுச்சென்ற லெப்டொப்பைக் கல்முனைக் கடையொன்றில் கமெராவைச் சரிபார்க்கக் கொடுத்தேன். புதிதாக விண்டோஸ் போட்டும் ‘கமெரா இல்லை’ என்றே திரை சொன்னது.

“நீங்கதான் கழட்டி எடுத்திருக்கீங்க!” என்று கடைக்காரரிடம் கத்தினேன்.

அவர் என் கண் முன்னாலேயே திரையைக் கழற்றினார். கமெரா உள்ளேதான் இருந்தது. அதன் வயரை யாரோ பிடுங்கி, நுனியில் பச்சை டேப் சுற்றியிருந்தார்கள். கணவர் தன் பயணப்பெட்டிக்குச் சுற்றிய அதே டேப்.

“அலைச்சலில கழண்டிருக்கும், தங்கச்சி” என்றார் கடைக்காரர், வயரைத் திரும்பப் பொருத்தியபடி, என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலை மகளைத் தூக்கிக் கமெராவுக்கு நேரே பிடித்தேன்.

“ஆருட்டக் குடுத்து அதத் திறந்த?” என்றார் திரையில் தெரிந்த கணவர்.

கடைக்காரரிடம் நான் கத்திய அதே குரல்.