தூங்குகிற எலியின் பல்

என் வீட்டுக்காரருக்கு எலி பார்க்கிற வேலை. சிரிக்காதீர்கள், மாதச் சம்பளம் உண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு வலி மருந்து ஊசி போட்டுப் பழக்கி, திடீரென்று நிறுத்திவிடுவார்கள். உடனே அதுகள் நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறும், துள்ளும், பல்லைக் கடிக்கும். அதையெல்லாம் இவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். சில எலிகளுக்கு மட்டும் மயக்க மருந்தும் கொடுப்பார்கள். அவை பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடக்கும்.

"அடங்கிடுச்சுன்னு நம்பிடாத. காதை வெச்சுக் கேளு, பல்லு நறநறன்னு ஓடிட்டிருக்கும்" என்பார். கூண்டில் பரப்பிய மரத்தூளில் அப்படிக் காதை வைத்து வைத்தே, எங்கள் தலையணையெல்லாம் அந்தத் தூள். உறை மாற்றியே என் உயிர் போகிறது.

போன மாதம் அவருக்கு முதுகில் ஆபரேஷன். மாத்திரை கொடுத்தார்கள். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. "எலிக்குப் போடுற அதே ரகம்டி" என்று சொல்லிக்கொண்டே விழுங்கினார் மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் டாக்டர் அதை நிறுத்தி, படபடப்பு அடங்க வேறு மாத்திரை எழுதினார். பழையதில் மிச்சத்தைப் பருப்பு டப்பாவில் ஒளித்தேன். வலி திரும்பினால் என்ன செய்வது என்று பயம்.

துணைக்கு வந்திருந்த நாத்தனாருக்கு ஒரே பூரிப்பு. "தம்பி எவ்வளவு சமத்தா தூங்குறான் பாரு! நீ நாளைக்கு வேலைக்குப் போ. நானும் கிளம்பறேன்."

இவரைத் தனியே விட்டால், அந்த மாத்திரையைத் தேடி எடுத்துவிடுவாரே? குனிந்து அவர் கன்னத்தில் காதை ஒட்டினேன்.

"ஐயே, பட்டப்பகல்ல! நான் ஒருத்தி இங்க இருக்கேன்!"

"சும்மா இருங்க அண்ணி. எலி பார்க்கிறேன்."

நறநறவென்று கேட்டது. எனக்கு அழுகை முட்டியது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"எண்ணிக்கிட்டியா?"

"வாயை மூடுங்க."

"மூடினாத்தான் கடிக்குது." திறந்த கண்ணைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். "பருப்பு டப்பாவுல இருக்கு. நேத்தே பார்த்துட்டேன். தொடலை. நாளைக்கு என்ன பண்ணுவேன்னு தெரியலை. நீ போகாத."

மாத்திரைகளை நாத்தனாரிடம் கொடுத்து மருந்துக் கடையில் ஒப்படைக்கச் சொன்னேன். ஆபீசுக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, முக்காலியைக் கட்டிலோரம் இழுத்து உட்கார்ந்தேன்.

"இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாதுடி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டே.