கடல்நீரை அண்ணாந்து குடித்தேன்

மழை நாட்களில் வேலைக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருக்கும். வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கை கடலை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. மழை விழுந்தால் இரண்டு பக்க வடிகாலிலும் தண்ணீர் பாய்ந்து ஓடும். அந்த மழை விட்டதும் விடாததுமாக வீட்டுக்கார அம்மா ஹோஸைப் பிடித்து முற்றத்துச் சீமெந்தை அடித்துக் கழுவுவார். இவ்வளவு தண்ணீரைச் சும்மா ஓடவிடும் தெருக்களைக் கடந்துதான் நான் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் பம்புகளை விற்கும் கடை ஒன்று அங்கே இருக்கிறது. அவற்றைப் பூட்டுவதும் ஓட்டிக் காட்டுவதும் என் வேலை.

வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். நான் குடிவந்த புதிதில் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். ஹோஸைக் கீழே போடாமலே, "மீனை வந்து அள்ளினது காணாதெண்டு இப்ப தண்ணியையும் அள்ள வந்திட்டியளோ?" என்றார். அவருடைய தம்பியின் வலையை எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்து இழுவைப் படகு ஒன்று அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் படகில் கால் வைத்தவனில்லை. என் ஊரிலிருந்து கடலைப் பார்க்கவே பஸ் ஏற வேண்டும். அதைச் சொல்ல நினைத்தேன்; எனக்குச் சட்டென்று பேச்சு வராது. ராமநாதபுரம் மாவட்டம் என்றதும் அவர் மனதில் நான் படகில் ஏறிவிட்டேன். இன்று வரை அவர் என்னை இறக்கிவிடவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஊரில் வயலுக்கு இறைக்கும் பம்ப்செட்டுகளைப் பழுது பார்க்கும் கடையில் இருந்தேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாயின. உப்புக் கிணற்றை யார் இறைப்பார்கள்? பம்ப்செட் வருவது நின்றது, கடை மூடியது. பிறகு தூத்துக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கடல்நீர்ப் பம்புகளைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டேன். எந்த உப்பு என் பிழைப்பைக் கெடுத்ததோ, அதே உப்பு ஐம்பது வயதில் எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தது.

மழை நாட்டில் இதை யார் வாங்குவார்கள் என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். வாங்குகிறார்கள். கடற்கரை ஹோட்டல்காரர்கள் வாங்குகிறார்கள். கடலோர மாடிவீடுகளின் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டதால் அங்கிருந்தும் வருகிறார்கள். மாலைதீவுக்கு ஏற்றுபவர்கள், வடக்குத் தீவுகளுக்குக் கேட்பவர்கள் என்று கடைக்கு ஆள் வந்தபடிதான் இருக்கிறது. சீனப் பம்பு, ஐரோப்பியப் பம்பு, எங்கள் இந்தியப் பம்பு எல்லாம் ஒரே தெருவில் போட்டி போடுகின்றன. பழைய பம்புகள் கரண்ட்டை விழுங்கின. மின்கட்டணம் ஏறிய பிறகு அவற்றை யாரும் சீண்டுவதில்லை. புதியவை, வெளியே தள்ளும் உப்புநீரின் அழுத்தத்தையே பிடித்து, உள்ளே வரும் நீரைத் தள்ள வைக்கின்றன. எண்ணெயும் கிடையாது; உள்ளே ஓடும் நீரே உராயும் பாகங்களுக்கு வழுக்கல். ஒரு காலத்தில் ஒரு கட்டடம் முழுக்க நின்ற சாமான், இன்று ஒரு அலுமாரி அளவில் சின்ன லொறியில் ஏறிவிடுகிறது.

ஆனால் வாங்க வருகிறவர்கள் மின்சாரக் கணக்கைக் கேட்டு முடித்ததும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். இதை மனுஷன் குடிக்கலாமா? அதற்காக என் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். பம்பைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், அவர்கள் கண்முன்னே கடலில் குழாயைப் போட்டு, வரும் தண்ணீரை முதலில் நான் குடித்துக் காட்ட வேண்டும். நாலு பேர் பார்க்க ஒரு வாய் சாப்பிடவே கூசுகிறவன் நான். எனக்கு இந்த வேலை.

கல்கிசையில் ஹோட்டல் கட்டும் ஹாஜியார் ஒருவர், கொம்பனித்தெருவில் பரம்பரையாக வியாபாரம் செய்பவர், பம்பைப் பார்க்க வேண்டும் என்றார். என் விசா முடியும் நேரம் அது. விசாவைப் புதுப்பிக்க முதலாளிதான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் என்னைவிட இளையவர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். "அண்ணை, இந்த ஓடர் வந்தா எழுதித் தாறன். வராட்டி உங்களை வச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திரும்பிப் போனால் ஊரில் எனக்கு வேலை கிடையாது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் போடும் சோற்றைச் சாப்பிட வேண்டும். அது முதலாளிக்கும் தெரியும்.

கல்கிசையில் தண்டவாளத்துக்குக் கீழே உள்ள மதகு வழியாகக் குழாயைக் கடலுக்கு இறக்கினோம். பம்பு சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. ஹாஜியாரோடு முத்துராஜ் என்ற ஃபோர்மன் நின்றான். மலையகத்திலிருந்து சிறுவயதில் கொழும்புக்கு வந்தவன். ஹோட்டல் திறந்ததும் இந்தப் பம்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன். அவன் தன் கண்ணாடிக் குவளையைத் துடைத்துத் தண்ணீரைப் பிடித்து என்னிடம் நீட்டினான். நான் தலையை அண்ணாந்து, குவளையை உயர்த்தி, உதடு படாமல் ஊற்றிக் குடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஹாஜியார்தான் முதலில் வாய் திறந்தார். "இது என்ன மனே, வாய்க்கு மேலால ஊத்துற? நாக்குல படாமத் தொண்டைக்குள்ள அனுப்பினா உப்பு ஈக்குதா இல்லையாண்டு ஒனக்கு எப்பிடி வெளங்கும்?"

"இல்லீங்க, எங்க பக்கம் இப்படித்தான்…" என்று இழுத்தேன்.

"அவரு தண்ணிக்குப் பயப்படல, ஹாஜியார்," என்றான் முத்துராஜ். என்னைப் பார்க்கவில்லை. "என் குவளைக்குப் பயப்படுறாரு. எங்க தோட்டத்துல கங்காணி வூட்டு ஆளுக இப்படித்தான், எங்க லயத்து வூட்டுல தண்ணி வாங்குனா ஒசத்தித் தூக்கிக் குடிப்பாங்க. வாய் பட்டா தீட்டு. அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சிரிப்பாருன்னா, சிரிக்க மாட்டாரு."

ஹாஜியார் வெயிலுக்கு முகத்தைச் சுளித்தார். "எண்ட ஆளுட கோப்பையில வாய் வைக்க ஏலாதவன்ட தண்ணி எனக்குத் தேவையில்ல," என்று ஜீப்பில் ஏறினார். குழாயைச் சுருட்டும்போது எங்கள் லொறி டிரைவர் நிமல் பல்லைக் காட்டினான். "அய்யே, வத்துர பொன்ன தன்னே நெத்த?" தண்ணீர் குடிக்கத் தெரியாதா என்று கேட்கிறான். அந்தச் சிங்களம் எனக்குப் புரிந்துவிட்டது.

லொறியில் வரும்போது முத்துராஜ் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கள் ஊரில் குடிதண்ணீர் லாரியில் வந்தது. வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர், அதன் மூடி மேல் ஒரே டம்ளர். ஒவ்வொருவர் குடித்த பிறகும் அதைக் கழுவ எங்கே போவது? அதனால்தான் வாய் படக்கூடாது என்று சிறு வயதிலேயே தலையில் தட்டிப் பழக்கினார்கள். மழையிலும் முற்றம் கழுவுகிறவர்களுக்கு இது விளங்காது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அதே வீட்டில், கண்மாய் வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த டம்ளர் கொடுக்கப்படவில்லை என்பதும் கூடவே நினைவு வந்தது. அவர்கள் இரண்டு கைகளையும் குவித்து வாயருகில் வைத்துக்கொள்ள, அம்மா மேலிருந்து ஊற்றுவார். தண்ணீர்ப் பஞ்சம் என்றால் அது எல்லாருக்கும் ஒரே மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்? முத்துராஜ் மேல் இருந்த கோபம் இதனால் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

முதலாளி கடையில் எல்லோர் முன்னாலும் கத்தினார். "ஐரோப்பாக்காரன்ட பம்பை விக்கிறவன் வைன் குடிக்கிற மாதிரிக் குடிச்சுக் காட்டுறான். நீங்கள் கோயில்ல தீர்த்தம் விடுற மாதிரி விடுறியள்! வாய் வச்சுக் குடிக்கிறதுக்கும் நான் பழக்க வேணுமோ?" பிறகு ஹாஜியாருக்குப் போன் எடுத்து, இந்தியாவிலிருந்து வந்தவர், பழக்கமில்லை, மன்னிக்க வேணும், இன்னொரு தரம் பாருங்கோ என்று கெஞ்சினார். என்னைப் பார்த்துக்கொண்டே கெஞ்சினார்.

மறுபடி அதே இடம், அதே குழாய். இம்முறை முத்துராஜ் குவளையை நிரப்பி, என்னிடம் தரவில்லை. தானே வாய் வைத்துப் பாதியைக் குடித்தான். உதட்டைப் புறங்கையால் துடைத்தான். மிச்சத்தை நீட்டினான்.

"குடிங்க."

கட்டட வேலையாட்கள் மேலே சாரக்கட்டில் நின்றபடியே குனிந்து பார்த்தார்கள். கூட வந்திருந்த முதலாளி தரையைப் பார்த்தார். கண்ணாடியின் விளிம்பில் அவன் உதடு பட்ட ஈரம் தெரிந்தது. வேறு பக்கம் திருப்பிக் குடிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்த ஈரத்தின் மேலேயே என் உதட்டை வைத்துக் குடித்தேன். அடி வரை குடித்தேன்.

"உப்பு ஈக்குதா?" என்றார் ஹாஜியார்.

"இல்லீங்க."

"இப்ப நம்புறன்," என்று அவர் சிரித்தார். முத்துராஜ் சிரிக்கவில்லை. வெற்றுக் குவளையை வாங்கி, கழுவாமல், தன் பையில் போட்டுக்கொண்டான். எங்களுக்குள் சிநேகம் ஒன்றும் வந்துவிடவில்லை. அந்தப் பம்பைப் பூட்ட நான் போன நாட்களிலும் அவன் தேவைக்கு மேல் என்னிடம் பேசவில்லை. தாகம் எடுத்தால் மட்டும் அந்தக் குவளையில் இருவரும் குடித்தோம். முதலாளி விசாவுக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்தடுத்து ஓடர்கள் வந்தன. ஒவ்வொரு கடற்கரையிலும் நான் உதட்டை வைத்துக் குடித்தேன். எப்போது அது வேலையாக இல்லாமல் பழக்கமாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

விசா வந்த பிறகு லீவில் மதுரைக்கு விமானம் ஏறி ஊருக்குப் போனேன். அங்கே இப்போது கேனில் தண்ணீர் வாங்குகிறார்கள். அதுவும் ஏதோ ஒரு பம்பு உப்பைப் பிரித்து அனுப்பிய தண்ணீர்தான். போய் இறங்கிய களைப்பில் மதினி டம்ளரை நீட்டினார். கடகடவென்று குடித்து முடித்தபிறகுதான் எல்லோரும் என் வாயையே பார்ப்பதைக் கண்டேன். டம்ளர் என் உதட்டில் இருந்தது.

அண்ணன் சிரித்துச் சமாளித்தார். "கொழும்புக்காரனாயிட்டான்ல!"

மதினி டம்ளரை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் வேறொரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்தார். "ஒங்களுக்குன்னு இத வச்சிருக்கேன் தம்பி. தப்பா நெனைக்காதீக. மத்தது எல்லாரும் பொழங்குற ஏனம், அதான்." அதை உள்ளே வைக்கவில்லை. வாசல் பக்கத்து ஜன்னல் கட்டையில், வெளிப்புறமாகக் கவிழ்த்து வைத்தார். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் சிலருக்கென்று வெளியே கவிழ்த்து வைக்கப்பட்ட டம்ளர்களை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் குடித்தவர்களின் முகங்களைத்தான் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் வெயிலில் சுற்றிவிட்டு வந்தேன். வீட்டில் எல்லோரும் படுத்திருந்தார்கள். உள்ளே கேனும், அதன் பக்கத்தில் வீட்டு டம்ளரும் தெரிந்தன. அண்ணாந்து குடிக்க எனக்கு இன்னும் தெரியும். யாருக்கும் தெரியாமல் அதிலேயே குடித்திருக்கலாம். ஜன்னலில் இருந்ததை எடுத்தேன். வெயிலில் சுட்டது. உள்ளே போய்த் தண்ணீர் பிடித்து, வாசலுக்கு வந்து நின்று, உதட்டை வைத்துக் குடித்தேன். பிறகு அதைக் கழுவி, நானே மறுபடி அந்த ஜன்னல் கட்டையில், வெளிப்பக்கமாகக் கவிழ்த்து வைத்தேன்.